உறுப்பினர் கட்டணத்தை மட்டும் நம்பி ஒரு பொதுப் பட்டறையை நடத்த முடியுமா?

இழைப்புளி (கோயம்புத்தூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மாதக் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்கள் எல்லோரும் கருவிகளைப் பகிர்ந்து பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுப் பட்டறையைக் கோவையில் தொடங்கலாமா என்று நாங்கள் ஏழெட்டு நண்பர்கள் சில மாதங்களாகப் பேசிவருகிறோம். எங்களில் ஒருவர் பம்பு நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். இருவர் கல்லூரியில் மின்னணுவியல் கற்பிக்கிறார்கள். இன்னொருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் வீணை செய்யப் பழகிக்கொண்டிருக்கிறார். நான் மரவேலை செய்பவன். அது என் தொழில் அன்று, ஆனால் அதை விட்டு என்னால் இருக்க முடியாது.

எங்கள் எல்லோருக்கும் உள்ள குறை இடமும் கருவியும்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் வட்ட ரம்பத்தை ஓட்டினால் அண்டை வீட்டாருக்குச் சத்தமும் தூசியும் போய்ச் சேரும். நல்ல ரம்ப மேசை, இழைப்பு இயந்திரம், லேசர் வெட்டும் இயந்திரம், சிறிய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்), முப்பரிமாண அச்சு இயந்திரம் ஆகியவற்றை ஒருவரே வாங்கும் வசதி எங்களில் யாருக்கும் இல்லை. வாங்கினாலும் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அவை துணி மூடிக் கிடக்கும்.

இதைச் சொன்னவுடன் ஊரில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கோவையின் கணபதி, பீளமேடு பகுதிகளில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகள் இருக்கின்றன, வரைபடத்தைக் கொடுத்தால் ஜாப் ஒர்க்காகச் செய்து தருகிறார்கள், பிறகு எதற்குத் தனியாக ஒரு பட்டறை என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அங்கே வேலையைக் கொடுத்துவிட்டு வரலாமே தவிர, இயந்திரத்தின் முன் நின்று நாமே செய்து பார்க்க முடியாது. பிழைப்புக்காக ஓடும் இயந்திரத்தைக் கற்றுக்கொள்பவன் கையில் கொடுக்கும்படி அவர்களைக் கேட்பதும் முறையன்று. மேலும், மரமும் உலோகமும் மின்னணுவும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே செய்ய முடியும்.

எங்கள் கணக்கு இப்படி இருக்கிறது. மாதம் 1,500 ரூபாய் கட்டணத்தில் 40 உறுப்பினர்கள் சேர்ந்தால் 60,000 ரூபாய் வரும். நாங்கள் பார்த்துவைத்திருக்கும் 2,000 சதுர அடிக் கொட்டகையின் வாடகையும் மின்கட்டணமும் அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் பராமரிப்பையும் ஓர் ஊழியரின் சம்பளத்தையும் சமாளிக்க முடியுமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இத்தகைய இடங்களை அருகிலிருந்து பார்த்தவர்கள், எது அவற்றைத் தாங்குகிறது, எது கவிழ்க்கிறது என்று சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். முதலில் எந்த இயந்திரங்களை வாங்க வேண்டும், பாதுகாப்புக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறோம்.

சன்னிவேல் தமிழர் எழுதிய பதில்:

நண்பருக்கு வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். நீங்கள் கேட்கும் கேள்விக்கு இந்தப் பகுதியில் பெரும் பணம் செலவிட்டு ஒரு விடை கிடைத்திருக்கிறது. உங்கள் குழுவில் உள்ள அனைவரும் அதை அறிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

2006ஆம் ஆண்டு ஜிம் நியூட்டனும் அவருடைய கூட்டாளியும் மென்லோ பார்க் நகரில் டெக்‌ஷாப் என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சந்தா கட்டுவது போல மாதம் நூறு டாலருக்குச் சற்று மேலே கட்டினால், லேத், மில்லிங், வெல்டிங், லேசர், தையல், மரவேலை என எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அங்கிருந்து உண்மையான பொருள்களும் வந்தன. கைப்பேசியில் செருகிக் கடன் அட்டையைத் தேய்க்க உதவும் ஸ்கொயர் கருவியின் முன்மாதிரிகளை ஜிம் மெக்கெல்வி மென்லோ பார்க் டெக்‌ஷாப்பில்தான் செய்தார். ஒரு கடை பல கடைகளாகி, அமெரிக்காவில் மட்டும் பத்து இடங்கள் ஆயின. 2017 நவம்பர் 15 அன்று அந்தப் பத்தும் ஒரே நாளில் மூடப்பட்டன. நிறுவனம் திவால் நடைமுறைக்குச் சென்றது. முன்கூட்டியே கட்டணம் செலுத்தியிருந்தவர்களும், அந்த இயந்திரங்களை நம்பிச் சிறுதொழில் நடத்திவந்தவர்களும் ஒரே இரவில் வாசலில் நின்றார்கள்.

மூடியபோது அதன் தலைவர் வெளியிட்ட அறிக்கையின் சாரம் நீங்கள் கவனிக்க வேண்டியது. நகராட்சிகள், நிறுவனங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் வெளி உதவி இல்லாமல், சொந்தக் கிளைகளை இலாப நோக்கில் நடத்தும் முறை நிலைக்காது என்று அவர் எழுதியிருந்தார். காரணத்தை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். சந்தா கட்டிவிட்டு வராமல் இருப்பவர்களால்தான் உடற்பயிற்சிக் கூடம் பிழைக்கிறது. பட்டறையில் அது நடப்பதில்லை. வராதவர் இரண்டு மூன்று மாதங்களில் உறுப்பினர் பதவியை நிறுத்திவிடுகிறார். தொடர்ந்து வருபவரோ இயந்திரத்தைத் தொடர்ந்து தேய்க்கிறார். எனவே பயன்பாடு கூடும்போது வரவைவிடச் செலவு வேகமாகக் கூடுகிறது. நகரத்தின் மையத்தில் பெரிய இடத்தை வாடகைக்கு எடுத்து, இயந்திரங்களைக் கவனிக்கச் சம்பள ஊழியர்களையும் வைத்துக்கொண்டால், அந்த வேறுபாட்டை ஈடுசெய்யச் சந்தாவால் ஒருபோதும் முடியாது.

அப்படியானால் நிலைத்த இடங்கள் எவை என்று பார்த்தால், அவற்றுக்கு வேறொரு வரவோ வேறொரு சிக்கனமோ இருப்பதைக் காணலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு சாமர்வில்லில் தொடங்கி இப்போது பாஸ்டனின் ஆல்ஸ்டன் பகுதியில் இயங்கும் ஆர்ட்டிசன்ஸ் அசைலம், இலாப நோக்கற்ற அமைப்பு. அது தன் பரப்பின் பெரும்பகுதியைச் சிறு சிறு தடுப்புகளாகப் பிரித்து உறுப்பினர்களுக்கே வேலையிடமாக வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகைதான் பொது இயந்திரங்களைத் தாங்குகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் நாய்ஸ்பிரிட்ஜ் 2007ஆம் ஆண்டிலிருந்து சம்பள ஊழியர் எவருமின்றித் தன்னார்வலர்களாலும் நன்கொடையாலும் நடக்கிறது. உறுப்பினர் அல்லாதவரும் உள்ளே வந்து வேலை செய்யலாம். டெக்‌ஷாப் மூடியபின் எங்கள் ஊரான சன்னிவேலில் அதன் பழைய உறுப்பினர்கள் சிலர் மேக்கர் நெக்சஸ் என்ற இலாப நோக்கற்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே சந்தாவோடு வகுப்புகளின் கட்டணமும் முக்கியமான வரவு.

உங்கள் 40 பேர் கணக்கில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வாடகைதான். வரவில் முக்கால் பங்கு வாடகைக்கும் மின்சாரத்துக்கும் போய்விட்டால், பத்துப் பேர் விலகும் மாதத்திலேயே நீங்கள் கடனில் இருப்பீர்கள். கோடை விடுமுறையிலும் தீபாவளி மாதத்திலும் பத்துப் பேர் விலகுவது உறுதி. பாதி இடத்தை எடுத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகாதபடி தொடங்குங்கள். சம்பள ஊழியரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கணபதி லேத் எழுதிய பதில்:

தம்பிக்கு வணக்கம். நான் நீண்ட காலமாக லேத் பட்டறை நடத்துபவன். எங்கள் தெருவைப் பற்றி நீங்கள் எழுதியதில் தவறு ஏதும் இல்லை. ஆர்டர் வேலை ஓடும்போது வெளியாள் கையில் இயந்திரத்தைக் கொடுக்க முடியாது. ஒரு டூல் உடைந்தால் அன்றைய வேலையே நின்றுவிடும்.

ஆனால் லேத்தை நீங்கள் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நல்ல லேத் கனமானது. அதற்குத் தளம் போட வேண்டும், மும்முனை மின்சாரம் வேண்டும், மட்டம் பார்த்து நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். மலிவான சிறு லேத்தை வாங்கினால் அதில் கற்பவருக்குத் தவறான பழக்கம்தான் வரும். எங்களைப் போன்ற பட்டறைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கின்றன. எங்களில் ஓரிருவரோடு முறையாகப் பேசி, மாதத்தில் இரண்டு ஞாயிறு, லேத் ஓட்டத் தெரிந்த ஒரு டர்னரை உடன் வைத்துக்கொண்டு, நான்கைந்து பேருக்குக் கற்றுத்தர ஏற்பாடு செய்யலாம். டர்னருக்குக் கூலியும் இயந்திரத்துக்கு வாடகையும் கொடுத்தால் மறுப்பவர்கள் குறைவு. எங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. கற்றுக்கொள்ள ஒருவர் விரும்பி வருகிறார் என்றால் அதில் எங்களுக்கும் மகிழ்ச்சி உண்டு. எங்களிடம் இல்லாததை நீங்கள் வாங்குங்கள்: லேசர், மின்னணு வேலைக்கான மேசை, தூசி உறிஞ்சும் அமைப்போடு கூடிய மரவேலைப் பகுதி.

லேத்தில் நிற்பவர்களுக்கு இப்போதே சில விதிகளைச் சொல்லிவையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு லேத் ஓட்டக் கூடாது. பாதுகாப்புக்காகத்தான் என்று நினைத்துப் புதியவர்கள் முதலில் செய்வதே அதைத்தான். சுழலும் ஜாப் (கடையப்படும் துண்டு) கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். துப்பட்டா, வேட்டி, தளர்ந்த முழுக்கை, அவிழ்ந்த கூந்தல், விரலில் மோதிரம் எதுவும் இருக்கக் கூடாது. ஜாபை இறுக்கிப் பிடிக்கும் சக்கின் சாவியைக் கையிலிருந்து விடும்போது அது சக்கில் இருக்கக் கூடாது. சாவியோடு இயந்திரத்தைப் போட்டால் அது குண்டு போலப் பறக்கும். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் எடுக்கக் கூடாது, கொக்கியால்தான் இழுக்க வேண்டும்.

புனேவிலிருந்து எழுதிய பதில்:

அமெரிக்க உதாரணங்கள் போதுமான அளவு வந்துவிட்டதால், நம் நாட்டில் நடந்தவற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் உருவாக்கிய ஃபேப் லேப் (கணினியால் இயங்கும் இயந்திரங்கள் கொண்ட சிறு பொதுப் பட்டறை) என்ற கருத்து, எம்ஐடிக்கு வெளியே மிகத் தொடக்கத்திலேயே வேர்பிடித்த இடங்களில் ஒன்று புனேவுக்கு அருகிலுள்ள பாபல் என்ற வறண்ட கிராமம். அங்கே 1983ஆம் ஆண்டு கல்பாக் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம், கிராமத்து இளைஞர்களுக்குக் கைவேலை வழியாகவே கல்வி தந்துகொண்டிருந்தது. 2002ஆம் ஆண்டு ஃபேப் லேப் அதனுடன் சேர்ந்தது. அந்த ஆய்வகம் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு நான் காணும் காரணம், இயந்திரங்களுக்கு ஒவ்வொரு நாளும் செய்வதற்கு வேலை இருந்ததும், அந்த வேலை அக்கம்பக்கத்து விவசாயிகளின் தேவையிலிருந்து பிறந்ததும்தான்.

மும்பையில் 2013ஆம் ஆண்டு வைபவ் சாப்ரா தொடங்கிய மேக்கர்ஸ் அசைலம் உங்கள் திட்டத்துக்கு மிக நெருக்கமானது. அது உறுப்பினர் பட்டறையாகத் தொடங்கியது. ஆனால் பயிற்சித் திட்டங்களும் பயிலரங்குகளுமே அதன் முதுகெலும்பாக வளர்ந்தன. மும்பையின் வாடகையை விட்டு அது பின்னர் கோவாவுக்கு இடம் பெயர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் மருத்துவர்களுக்கு முகத்தை மறைக்கும் தடுப்புக் கவசம் கிடைக்காதபோது, அவர்கள் ஒரு வடிவமைப்பைப் பொதுவில் வெளியிட்டு, நாட்டின் 42 நகரங்களில் இருந்த பட்டறைகளோடு சேர்ந்து 49 நாள்களில் பத்து லட்சம் கவசங்களைச் செய்தார்கள். ஊருக்கு ஒரு பொதுப் பட்டறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான். பெரிய ஆலை தன் உற்பத்தியை மாற்றிக்கொள்ள ஆகும் காலத்துக்குள், கருவியும் கையும் பழகிய ஒரு சிறு கூட்டம் தேவையானதைச் செய்துவிடும்.

அரசு நடத்தும் இடங்களும் உண்டு. ஹைதராபாதில் தெலங்கானா அரசின் டி-ஒர்க்ஸ் 2023 மார்ச் மாதம் 78,000 சதுர அடியில் திறக்கப்பட்டது. கேரளத்தில் மாநில ஸ்டார்ட்அப் மிஷன் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஃபேப் லேப் நடத்துகிறது. கொச்சி உங்களுக்கு ரயிலில் நான்கைந்து மணி நேரம்தான். கொட்டகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் குழு முழுவதும் அங்கே ஒரு நாள் இருந்து, எந்த இயந்திரத்தின் முன் ஆள்கள் வரிசையில் நிற்கிறார்கள், எது சும்மா கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரே ஓர் இடத்தில் சன்னிவேல் நண்பரிடமிருந்து வேறுபடுகிறேன். ஊழியரே வேண்டாம் என்பது தன்னார்வம் நிறைந்த நாய்ஸ்பிரிட்ஜுக்குப் பொருந்தலாம். நம் ஊரில் வேலைக்குப் போய்விட்டு மாலை ஆறு மணிக்கு மேல் வரும் உறுப்பினருக்குக் கதவைத் திறந்துவைக்கவும், புதியவர் லேசரைத் தொடும்முன் தடுக்கவும் பொறுப்பான ஒருவர் இருந்தே ஆக வேண்டும். முழுநேரச் சம்பளம் முடியாவிட்டால் மாலை நேரத்துக்கு மட்டுமாவது, ஐடிஐ முடித்த ஒருவரை அமர்த்துங்கள். அவர் வகுப்பும் எடுத்தால் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாமே ஈட்டிவிடுவார்.

இழைப்புளி (கோயம்புத்தூர்) எழுதியது:

மூவருக்கும் நன்றி. கணபதி ஐயா சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு எங்கள் யோசனையிலேயே இல்லாதது. இன்றே நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். லேத்தை விட்டுவிட்டால் மீதமிருப்பவற்றில் எங்களுக்கு மிகுந்த அச்சம் தருபவை ரம்ப மேசையும் லேசரும். விரலைக் கண்டவுடன் நின்றுவிடும் ரம்பம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதை வாங்கினால் பாதுகாப்புக் கவலை தீருமா?

கல்லூரிப் பட்டறைப் பொறுப்பாளர் எழுதிய பதில்:

நீங்கள் குறிப்பிடுவது சாஸ்டாப் நிறுவனத்தின் ரம்பமாக இருக்க வேண்டும். ரம்பத் தகட்டில் ஒரு சிறு மின்சைகை ஓடிக்கொண்டே இருக்கும். உடல் மின்சாரத்தைக் கடத்துவதால் விரல் பட்டவுடன் அந்தச் சைகை மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து ஏறத்தாழ 5 மில்லி விநாடிக்குள் தகட்டை நிறுத்திவிடும். விரல் சிறு கீறலோடு தப்பும். அது மிக நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அந்தத் தடுப்புக் கட்டையை மாற்ற வேண்டும், பெரும்பாலும் தகடும் போய்விடும். ஈரமான மரத்தை வெட்டினாலும் அது விரல் என்று எண்ணி இயங்கிவிடக்கூடும் என்பதால், அந்த நேரத்தில் அதை அணைத்துவைக்கும் வசதியும் தரப்பட்டிருக்கிறது. அணைத்தவர் மீண்டும் போட மறந்தால் அடுத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. மேலும், ரம்ப மேசையின் மற்றொரு பெரிய ஆபத்தான, மரம் தகட்டில் சிக்கி நம்மை நோக்கி எறியப்படுவதை அது தடுக்காது. அதைத் தடுப்பது, வெட்டிய பிளவு மூடிக்கொள்ளாதபடி தகட்டின் பின்னால் நிற்கும் மெல்லிய தகடும், சரியான இடத்தில் நிற்கும் பழக்கமும்தான். எனவே எந்த ரம்பத்தை வாங்கினாலும், ஒருவர் முன்னிலையில் முறையாக வெட்டிக் காட்டாத எவரையும் அதைத் தொட விடாதீர்கள். அவர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரானாலும் இதில் விலக்கு இருக்கக் கூடாது.

லேசரைப் பொறுத்தவரை, உறுப்பினர்கள் கொண்டுவரும் பொருளில்தான் ஆபத்து வருகிறது. பி.வி.சி கலந்த எதையும் லேசரில் வைக்கக் கூடாது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் தண்டவாளங்களையும் கண்ணாடிகளையும் சில வாரங்களில் அரித்துவிடும். நம் ஊரில் கடையில் கிடைக்கும் ஃபிளெக்ஸ் பேனர், ரெக்சின், சன்போர்டு ஆகியவை பெரும்பாலும் பி.வி.சிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தோல் என்று நினைத்தே ரெக்சினை எடுத்துவருவார்கள். அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலை இயந்திரத்தின் மேலேயே ஒட்டி, பட்டியலில் இல்லாதது எதுவும் வேண்டாம் என்று விதி செய்யுங்கள். அக்ரிலிக் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், லேசர் ஓடும்போது ஆள் நகரக் கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தூசியைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் அதுதான் பட்டறையில் அமைதியாகக் கேடு செய்வது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பிரிவில் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சீவலைப் பெருக்கிவிடலாம். மிதக்கும் நுண்தூள்தான் உள்ளே போகிறது. உறிஞ்சும் அமைப்புக்குப் பணம் சேரும்வரை பெரிய மர இயந்திரங்களை வாங்காமல், உளி, இழைப்புளி, கைரம்பம் கொண்டு தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது. மின்னணு மேசையை மரப்பகுதியிலிருந்து கதவு வைத்துப் பிரியுங்கள்.

பராமரிப்பில் எங்களுக்குப் பயன்பட்ட முறை ஒன்று உண்டு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை நியமித்து, அந்த இயந்திரத்தின் அருகில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். பயன்படுத்தியவர் நேரத்தையும், கண்ட குறையையும் அதில் எழுத வேண்டும். பழுது என்று எழுதியவரை யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்பதையும் விதியாகவே வைத்தோம். அபராதம் விதித்த காலத்தில் உடைந்த தகடுகள் சொல்லாமல் மாட்டப்பட்டே இருந்தன. அபராதத்தை நீக்கியபின் குறைகள் அன்றன்றே நோட்டில் வந்தன. பொறுப்பாளராக இருக்கும் உறுப்பினருக்கு மாதக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தால், உங்கள் ஊழியரின் சுமையும் குறையும்.

கணக்கர் (ஈரோடு) எழுதிய பதில்:

பதிவு பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் ஏழு பேருக்குக் குறையாமல் இருப்பதால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ச் சங்கமாகப் பதிவு செய்யலாம். நிறுவனங்களிடமிருந்து பெரிய நன்கொடை எதிர்பார்த்தால் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் இலாப நோக்கற்ற நிறுவனமாக அமைப்பது பொருத்தம். அதில் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டியவை கூடுதல். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். இடத்தை எடுக்கும் முன், மின் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டினால் பின்னர் பெரும் தொகை கட்ட நேரும்.

ஆயுள் சந்தாவை வாங்கவே வேண்டாம். ஆண்டுச் சந்தா வாங்கினால் அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மாதத்துக்கு உரிய பங்கை மட்டும் எடுத்துச் செலவிடுங்கள். டெக்‌ஷாப் மூடியபோது முன்பணம் கட்டியவர்கள் இழந்தது, அந்தப் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டிருந்ததால்தான். பட்டறை மூடப்பட்டால் கருவிகள் யாருக்குச் சேரும், உறுப்பினர் உள்ளே வைத்திருக்கும் சொந்தப் பொருள்களை எத்தனை நாள்களுக்குள் எடுத்துச் செல்லலாம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே விதிகளில் எழுதிவிடுங்கள்.

இழைப்புளி (கோயம்புத்தூர்) எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 2,000 சதுர அடிக் கொட்டகையை விட்டுவிட்டு, அதில் பாதி அளவுள்ள இடத்தைத் தேடுகிறோம். முன்பணம் கொடுக்கும் முன் குழுவாகக் கொச்சிக்குச் சென்றுவர முடிவு செய்திருக்கிறோம். கணபதி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை லேத் வகுப்பைத் தாங்களே தொடங்கிவைக்க இசைந்தால், டர்னரின் கூலி, இயந்திர வாடகை பற்றிப் பேச எங்களில் இருவர் தங்கள் பட்டறைக்கு வருகிறோம். தங்களுக்கு வசதியான நாளைத் தனிச் செய்தியில் தெரிவித்தால் போதும்.